பனி உண்டோ? – நிபா நாட்களில் கோழிக்கோடு

செப்டம்பர் 12, 2023 – செவ்வாய்

அக்காவும் நானும் ஈரோட்டிலிருந்து வந்து இன்று மதியம் கோவையில் கண்ணூர் ரயிலில் ஏறினோம். அக்கா செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவையில் அவருடன் ஒரே வார்டில் பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்த தோழி ஒருவர், ஓய்வுக்குப் பிறகு கோழிக்கோடு மாவட்டத்தில் காயக்கொடி என்னும் ஊரிலுள்ள தம் பூர்வீக வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஓணத்துக்கு வரச் சொல்லி அழைத்திருந்தார். ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஓணம் முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகுதான் எங்களுக்குக் கை ஒழிந்தது. நகரத்தில் ஒரு நாள், பிறகு தோழியின் வீட்டில் நான்கு நாள், திரும்பும் வழியில் பேப்பூரில் ‘உரு’ என்னும் மரக்கப்பல்களைக் கட்டும் துறை என்று திட்டமிட்டிருந்தோம்.

காலைச் செய்தியிலேயே மனம் கலங்கிவிட்டது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஒருவரும் நேற்று ஒருவரும் காய்ச்சலால் இறந்திருக்கிறார்கள். நிபா வைரஸாக இருக்கலாம் என்ற ஐயத்தில் மாதிரிகளைப் புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயணச்சீட்டை ரத்து செய்துவிடலாமா என்று நான் கேட்டபோது, "முடிவு வரட்டும் தம்பி, முடிவு வருவதற்கு முன்னால் ஓடுவதும் ஒரு நோய்தான்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

பாலக்காட்டில் ஏறிய முதியவர் ஒருவர் எங்கள் எதிரே அமர்ந்தார். சற்று நேரத்தில் அவருக்கு இருமல் வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒருவரும் முகத்தைக் கூடத் திருப்பவில்லை. ஆனாலும் அவர் பெட்டியிலிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்து, தமக்கு ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா உண்டு என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு முறை இருமும்போதும் அந்த இன்ஹேலரைக் கையில் எல்லோர் கண்ணிலும் படும்படி பிடித்திருந்தார். தம் மூச்சுக்குச் சாட்சி காட்ட வேண்டிய நிலைமை ஒரு மனிதருக்கு வந்ததை நான் அதற்கு முன் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

சொரணூரில் ஒரு பெண் தம் பிள்ளைகள் இருவருக்கும் பழைய துணி முகக்கவசங்களை எடுத்து மாட்டினார். கொரோனாக் காலத்தில் தைத்தவையாக இருக்க வேண்டும். பெரியவனுக்கு அது மூக்கை மட்டுமே மூடியது. மூன்றாண்டுகளில் பிள்ளைகளின் முகம் வளர்ந்துவிட்டது, துணி அப்படியே இருந்துவிட்டது.

இரவு விடுதியில் பெயர் எழுதும்போது வரவேற்பில் இருந்தவர், "பனி உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தமிழ்க் காதுக்குக் குளிரைச் சொல்லும் சொல் அங்கே சூட்டைச் சொல்கிறது. இல்லை என்றோம். அறைக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டபோது, இறந்த இருவருக்கும் நிபாதான் என்று புணே முடிவு உறுதி செய்துவிட்டதாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் இறந்தவரின் ஒன்பது வயது மகனுக்கும் ஓர் உறவினருக்கும் தொற்று உறுதியாகியிருக்கிறது. அக்காவின் கைபேசி அதே நேரத்தில் ஒலித்தது. "இங்கே வர வேண்டாம்" என்றார் தோழி. வேறு எதுவும் சொல்லாமல் இருவரும் சிறிது நேரம் தொடர்பிலேயே இருந்தார்கள்.

செப்டம்பர் 13 – புதன்

ஏழு ஊராட்சிகள் கட்டுப்பாட்டு மண்டலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன: ஆயஞ்சேரி, மருதோங்கரை, திருவள்ளூர், குற்றியாடி, காயக்கொடி, வில்யாப்பள்ளி, காவிலும்பாறை. அவற்றின் குறிப்பிட்ட வார்டுகளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அத்தியாவசியப் பொருள் விற்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். மருந்துக் கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அந்த வழியாகப் போகும் பேருந்துகள் அங்கே நிற்காது. தோழியின் வீடு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் அவரைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும் என்பது காலையிலேயே தெளிவாகிவிட்டது.

பட்டியலில் திருவள்ளூர் என்ற பெயரைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து உறவினர் ஒருவர் பதற்றத்தோடு அழைத்தார். நிபா நம் திருவள்ளூருக்கே வந்துவிட்டதாக அவருடைய வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவுகிறதாம். கோழிக்கோடு மாவட்டத்திலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு என்று விளக்கினேன். அவர் நம்பினார், ஆனால் அதற்குள் அந்தச் செய்தியை மேலும் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மறுப்பை அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அனுப்பினாரா என்று தெரியவில்லை.

திரும்பிவிடலாமா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. அக்கா அதை மருத்துவமனைக் கணக்கில் யோசித்தார். நிபா, கொரோனா போலத் தெருவில் கடந்து போகிறவர்களிடமிருந்து எளிதில் தொற்றும் நோய் அன்று. பழந்தின்னி வௌவால்களின் உடலில் இயல்பாகத் தங்கியிருக்கும் வைரஸ், அவற்றின் எச்சிலோ சிறுநீரோ பட்ட பழம் வழியாகவும் பிற வழிகளிலும் மனிதருக்கு வருகிறது. பிறகு கடுமையாக நோயுற்றிருப்பவரின் எச்சில், சளி போன்றவற்றின் வழியாக அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்குப் பரவுகிறது. எனவே ஆபத்து மிக அதிகம் நோயாளியின் படுக்கையருகில்தான். நாங்கள் நகரத்தை விட்டு வெளியே போகாமலும் மருத்துவமனைப் பக்கம் போகாமலும் இருந்தால், 18-ஆம் தேதி திரும்புவதாக இருந்த திட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று அவர் முடிவு செய்தார். அதற்குள் கட்டுப்பாடு தளர்ந்து தோழியைப் பார்க்க முடியலாம் என்ற ஆசையும் அந்த முடிவில் கலந்திருந்தது என்பது எனக்குத் தெரியும்.

பிற்பகல் பாளையம் சந்தைக்குப் போனோம். மருந்துக் கடை வாசலில் முகக்கவசம் வாங்க வரிசை நின்றது. அவசரமோ தள்ளுமுள்ளோ இல்லை. கேட்டதற்கு மேல் யாரும் வாங்கிச் சேர்க்கவும் இல்லை. ஒரு முறை பட்டவர்களின் நிதானம் அது என்று தோன்றியது. ஆனால் பழக்கடைகளில் வேறு காட்சி. ரம்புத்தானும் கொய்யாவும் குவியல் குவியலாகக் கிடந்தன. வாங்க வந்த ஓரிருவரும் ஒவ்வொரு பழத்தையும் கையில் உருட்டி, பல் பட்ட தடமோ கீறலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில் இதே மாவட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நிபாவால் இறந்தபோது அவன் வீட்டருகே இருந்த ரம்புத்தான் மரத்தின் பழங்களைச் சோதனைக்கு எடுத்ததிலிருந்து அந்தப் பழத்தின் மேல் ஊருக்கு ஒரு கண். வாழைப்பழ வியாபாரி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழ்நாட்டிலிருந்து வந்த பழம், தைரியமாக வாங்குங்கள்" என்று எங்களிடமே உறுதி கூறினார். எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்வி மனிதர்களுக்கு முன்னால் பழங்களைத்தான் முதலில் வந்தடைந்தது.

கழுவி, தோலுரித்துத் தின்றோம்.

செப்டம்பர் 14 – வியாழன்

பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விடுமுறை. நோயாளிகளைக் கவனித்த மருத்துவப் பணியாளர் ஒருவருக்கும் தொற்று உறுதியாகிவிட்டது. தொடர்புப் பட்டியலில் 706 பேர் இருப்பதாக நேற்று அறிவித்தார்கள். அவர்களுள் 77 பேர் அதிக ஆபத்துள்ளவர்கள், 153 பேர் மருத்துவப் பணியாளர்கள். அந்த 153 என்ற எண்ணைப் படித்ததிலிருந்து அக்கா பேசவே இல்லை. காலை உணவின்போது, "அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்களோ, எங்கே படுக்கிறார்களோ" என்று மட்டும் சொன்னார்.

மானாஞ்சிறைக்குப் போக ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் முதலில் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். ஈரோடு என்றதும் அவர் தோள் தளர்ந்தது. இருக்கைக்கும் அவருக்கும் இடையே மங்கிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று தொங்கியது. 2020-இல் மாட்டியதைப் பரணிலிருந்து நேற்று இரவு எடுத்துத் துடைத்து மாட்டியதாகச் சொன்னார். அக்கா செவிலியராக இருந்தவர் என்று பேச்சில் வந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு அவர் சொன்னது முழுவதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2018 மே மாதத்தில் அவர் பேராம்பிரைப் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். கேரளத்தில் முதன்முதலாக நிபா தோன்றிய இடம் அது. அந்த முறை 17 பேர் இறந்தார்கள். பேராம்பிரை தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, மே 21-ஆம் தேதி இறந்தார். சிறு பிள்ளைகள் இருவருக்குத் தாய். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்கு அவர் எழுதி வைத்த கடிதத்தைப் படிக்காதவர்கள் அப்போது கேரளத்தில் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்து அழுத அதே ஊரில், அதே வாரத்தில், அந்த மருத்துவமனையின் மற்றச் செவிலியர்களைப் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள். நாளிதழ்களிலும் அது வெளிவந்தது. மறுத்தவர்களில் தாமும் ஒருவர் என்றார் ஓட்டுநர். சீருடையைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணை அவர் முகம் தெரிந்தே வேண்டாம் என்றார். அவள் மழையில் நடந்தே போனாள். "அன்று என் மகள் கைக்குழந்தை, சேச்சி" என்று அக்காவிடம் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார். அக்கா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கைக்குழந்தை வீட்டில் இருந்தால் பயம் வரத்தான் செய்யும் என்றார். நேற்று மாலை மருத்துவக் கல்லூரிக்குப் பணிக்குப் போகும் இருவரைத் தாமே ஏற்றிச் சென்றதாகவும், அவர்கள் இறங்கிய பிறகு இருக்கையைச் சோப்புத் தண்ணீரால் கழுவியதாகவும், அப்படிக் கழுவியது தவறில்லையே என்றும் கேட்டார். தவறில்லை, அதுதான் சரி என்று அக்கா சொன்னபோது அவர் முகத்தில் வந்த ஆறுதலைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நிபாவைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இல்லாமல் இல்லை. 2018-இல் நோய் பெரும்பாலும் பரவியது மருத்துவமனைகளுக்குள்தான். நோயாளியைத் தூக்கியவர்களுக்கும், அருகே இருந்தவர்களுக்கும், பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் அது தொற்றியது. ஆகவே செவிலியரைப் பார்த்துப் பயப்படுகிறவன் முட்டாள் அல்லன். ஆனால் பாதுகாப்புக் கவசத்தோடு பணி பார்த்து, குளித்து உடை மாற்றி, காய்ச்சல் ஏதும் இல்லாமல் தெருவுக்கு வரும் ஒருத்தியையும், மூச்சுத் திணறிப் படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் அந்தப் பயம் ஒன்றாகவே பார்க்கிறது. பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் மனிதர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு அந்த ஓட்டுநரின் சோப்புத் தண்ணீர் எனக்குப் போதும்.

மாலையில் மானாஞ்சிறைப் பூங்காவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் நெடுநாளாகக் கேட்காமல் இருந்ததை அக்காவிடம் கேட்டேன். 2020-இல் அவர் கொரோனா வார்டில் இருந்த மாதங்களில் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பால் போடுபவர் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். முன்வாசல் வழியாக வர வேண்டாம், பின்சந்து வழியாக வந்து போகட்டும் என்று பக்கத்து வீடுகளில் பேசி முடிவெடுத்து ஒரு சிறுவனை அனுப்பிச் சொன்னார்கள். அக்கா மூன்று மாதம் பின்சந்து வழியாகவே வந்து போனார். சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்கள் மீது கூட்டம் கூடித் தாக்கிய 2020 ஏப்ரல் அது. அந்தச் செய்தி வந்த இரவு, தான் இறந்தால் உடலை எங்கே கொண்டு போவார்கள் என்று யோசித்ததாக அக்கா சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த மூன்று மாதமும் நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வராதே என்று அவர்தான் சொன்னார் என்பது உண்மை. அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதும் உண்மை. அதை இன்று அவரிடம் சொன்னேன். "தெரியும் கண்ணு" என்றார்.

செப்டம்பர் 15 – வெள்ளி

நோய் நகரத்துக்குள் வந்துவிட்டது. மாநகராட்சி எல்லையிலுள்ள செறுவண்ணூரைச் சேர்ந்த 39 வயதுக்காரருக்குத் தொற்று உறுதியானதாகக் காலையில் அறிவித்தார்கள்; இவர் ஆறாவது நோயாளி. முதலில் இறந்தவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு இவரும் போயிருந்திருக்கிறார். இதுவரை வடக்கே எங்கோ என்று விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். விடுதியில் சிற்றுண்டிக் கூடத்தை மூடி, உணவை அறைக்கே அனுப்பத் தொடங்கினார்கள்.

குற்றிச்சிறைக்கு நடந்தே போனோம். பெரிய குளத்தின் கரையில், 14-ஆம் நூற்றாண்டில் கடல் வணிகர் ஒருவர் கட்டிய மிஷ்கால் பள்ளிவாசல் மரத் தூண்களும் அடுக்குக் கூரைகளுமாக நிற்கிறது. 1510-இல் போர்த்துகீசியர் தீ வைத்ததில் சேதமுற்று மீண்டெழுந்த கட்டடம் அது. நாங்கள் உள்ளே போகவில்லை. குளக்கரையில் நின்றபடி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வருகிறவர்களைப் பார்த்தோம். பெரும்பாலோர் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். சந்தித்தவுடன் கையைப் பற்றிக்கொள்ளும் வழக்கமுள்ள முதியவர்கள் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். ஒருவர் மட்டும் மறந்து கையை நீட்டிவிட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டார். எதிரே இருந்தவர் அந்தப் பாதிக் கையைப் பார்த்துத் தலையசைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரிய கூட்டுக்குடும்ப வீடுகள் நிறைந்த பகுதி இது. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த அம்மையார் எங்களை நிறுத்தி, வழக்கமான இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு தம் வருத்தத்தைச் சொன்னார். அவருடைய தங்கை இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார்; நோயாளிக்குத் துணையாக ஒருவர் மட்டுமே இருக்கலாம், பார்வையாளர்கள் வரக்கூடாது என்று உத்தரவு. நிபாவுக்கும் அந்தத் தங்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "உடம்பு முடியாதவளைப் பார்க்கப் போகாமல் இருப்பது எங்களுக்குப் பாவம்" என்றார் அவர். உத்தரவு தவறு என்று அவர் சொல்லவில்லை. 2018-இல் பார்க்கப் போனவர்கள்தான் நோயை வாங்கி வந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எது சரி என்று தெரிந்தும் மனம் கேட்காமல், அவர் காலையிலிருந்து திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் அருகில், கொஞ்சம் தள்ளி, அரை மணி நேரம் உட்கார்ந்தார்.

கொரோனாவில் இறப்பு விகிதம் 2 முதல் 3 விழுக்காடு, நிபாவில் 40 முதல் 70 விழுக்காடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் இன்று தில்லியில் கூறியிருக்கிறார். மாலைக்குள் அந்த எண்கள் எல்லாக் கைபேசிகளிலும் இருந்தன. நிபா மிகச் சிலருக்கே பரவுகிறது என்ற மற்றப் பாதி எந்தக் கைபேசியிலும் இல்லை.

செப்டம்பர் 16 – சனி

பேப்பூர்ப் பயணம் நடக்கவில்லை. செறுவண்ணூரைச் சுற்றி மாநகராட்சியின் சில வார்டுகளும் ஃபறோக் நகராட்சியும் கட்டுப்பாட்டு மண்டலமாகிவிட்டன. பேப்பூர் மீன்பிடித் துறைமுகம் மூடப்பட்டு, படகுகள் வெள்ளயில் துறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. கடற்கரையில் நின்றபோது படகுகள் சில வடக்கு நோக்கிப் போவதைக் கண்டோம். மீன் விற்கும் பெண் ஒருவர், எந்தத் துறையில் இறங்கிய மீன் என்று எல்லோரும் கேட்பதாகச் சொன்னார். நிபா மீனில் வருவதில்லை என்று அவரே கேட்பவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் கேட்டுத் தலையாட்டிவிட்டு வாங்காமல் போனவர்களையும் பார்த்தோம்.

தோழியிடமிருந்து மாலையில் நீண்ட அழைப்பு வந்தது. ஆஷா பணியாளரும் சுகாதார ஆய்வாளரும் வீடு வீடாக வந்து காய்ச்சல் கணக்கெடுத்துப் போனார்களாம். வார்டு உறுப்பினரின் ஏற்பாட்டில் இளைஞர்கள் அரிசியும் மருந்தும் வாயிற்படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவருடைய தெருவில் வௌவால்களைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. கோயில் பக்கத்து ஆலமரத்தில் காலங்காலமாகத் தொங்கும் வௌவால்களைப் பட்டாசு வெடித்து விரட்ட வேண்டும், மரத்தையே வெட்ட வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். கலைத்து விரட்டினால் அவை பதறிப் புதிய இடங்களுக்குப் பரவும், அந்த நெருக்கடியில் வைரஸை இன்னும் அதிகமாக வெளியேற்றவும் கூடும் என்று சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. தோழி இதைச் சொல்லித் தடுத்தபோது, இவர் வௌவால் பக்கம் பேசுகிறார் என்றார்களாம். கடைசியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வௌவால்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்டில் பாதி மரங்களுக்கு விதை பரப்ப யாரும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

1998-இல் மலேசியாவில் இந்த நோய் முதன்முதலில் வெளிப்பட்டபோது, பன்றிப் பண்ணைகளுக்கு மேலே நின்ற பழமரங்களிலிருந்து வௌவால் தின்று போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றதே தொடக்கம் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சம் அளவில் பன்றிகள் கொல்லப்பட்டன. சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே வைரஸுக்கு வைக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று இன்று இரவு நினைத்துக்கொண்டிருந்தேன். காயக்கொடி, மருதோங்கரை, ஆயஞ்சேரி என்ற பெயர்களும் இப்போது அப்படித்தான் ஒலிக்கின்றன. வடகரைப் பக்கத்திலிருந்து வந்து நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் விடுதிப் பணியாளர் ஒருவர், ஊர் எது என்று கேட்டால் இரண்டு நாளாகக் கண்ணூர் என்று சொல்லி வருவதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 17 – ஞாயிறு

மழை. அறையிலேயே இருந்தோம். புதிய தொற்று எதுவும் இல்லை. அந்த ஒன்பது வயதுச் சிறுவன் தேறி வருகிறான், சுவாசக் கருவியை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது கீழே வரவேற்பறையில் யாரோ கை தட்டிய ஓசை கேட்டது. தந்தையை இழந்தது அவனுக்குத் தெரியுமா என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மழையைப் பார்த்துக்கொண்டு பழைய அம்மைக் காலங்களைப் பற்றிப் பேசினோம். எங்கள் சிறுவயதில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அங்கே அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். வெளியாட்கள் உள்ளே போக மாட்டார்கள். அந்த வீட்டாரும் பிறர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். விருந்து, தாளிப்பு, சத்தம் எதுவும் இருக்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த ஒதுக்கம் நீடிக்கும். நோய் என்னவென்றே தெரியாமல் செய்த முறைதான். ஆனாலும் அந்த வேப்பிலை வாசலைக் கடந்து போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். உள்ளே படுத்திருப்பவரிடம் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. 2020-இல் எங்கள் பகுதியில் தொற்று வந்த வீடுகளுக்குத் தகரம் அடித்தபோது, ஒதுக்கம் அதேதான், கும்பிடு மட்டும் போய்விட்டது என்று அக்கா சொன்னார். குழந்தைக்குப் பால் வாங்கத் தகரத்தின் இடுக்கில் கை நீட்டிய ஒரு தாயை அவர் பார்த்திருக்கிறார்.

செப்டம்பர் 18 – திங்கள், விநாயகர் சதுர்த்தி

தோழியைப் பார்க்காமலே கிளம்பினோம். அவருக்கென்று கொண்டு வந்த சேலையையும் முறுக்குப் பொட்டலத்தையும் விடுதிப் பணியாளரிடம் கொடுத்திருக்கிறோம். வழி திறந்ததும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னார்.

பாலக்காடு வரை ஒரு பேருந்து, அங்கிருந்து கோவைக்கு இன்னொன்று. வாளையாரில் வண்டியை நிறுத்தி நம் சுகாதாரத் துறையினர் ஏறினார்கள். ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராக வெப்பமானியைப் பிடித்து, "காய்ச்சல் இருக்குதுங்களா? எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டார்கள். ஆறு நாளாக அந்த ஊரில் கேட்ட அதே இரண்டு கேள்விகள்தான், இப்போது எங்கள் மொழியில். கோழிக்கோடு என்று அக்கா சொன்னதும் எங்கள் முன்னிருக்கையில் இருந்தவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். கோவை வரை அந்த இருக்கை காலியாகவே இருந்தது. கணக்கெடுத்த பெண், பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருக்கும் இளம்பெண், முகவரியும் கைபேசி எண்ணும் எழுதிக்கொண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு வந்து கோழிக்கோடு போன விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றாள். அவளுடைய முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கியிருந்தது. அக்கா தம் முகக்கவசத்தைக் கிள்ளி மேலே இழுத்துக் காட்டினார். அவளும் சரி செய்துகொண்டாள்.

இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருமுனைப் பிள்ளையாருக்குச் சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் பின்சந்தைக் காட்டிய அதே வீடுகள்தான் இருபுறமும். எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடி, "ஏனுங்க, கோழிக்கோடு போயிருந்தீங்களாமா? டிவியில என்னென்னமோ சொல்றாங்களே" என்றார். அக்கா மறைக்கவில்லை. எந்த ஊரில் தங்கினோம், எங்கே போகவில்லை, யாரைப் பார்க்கவில்லை என்று எல்லாவற்றையும் நின்று நிதானமாகச் சொன்னார். 21 நாள் உடம்பைக் கவனித்துக்கொள்வோம், சிறு காய்ச்சல் என்றாலும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம் என்றும் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய், மூடி போட்ட தூக்கில் கொழுக்கட்டை எடுத்து வந்து எங்கள் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். அக்கா போய் எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோழி அழைத்தார். கட்டுப்பாட்டு மண்டலத்தில் கடைகளை இரவு எட்டு மணி வரை திறக்க அனுமதித்திருக்கிறார்களாம். முதல் கேள்வியாக, "பனி உண்டோ?" என்று கேட்டார். இல்லை என்று அக்கா சொல்லிவிட்டு அதையே அவரிடம் திருப்பிக் கேட்டார்.